கொழும்பில் தூரத்து ஒலிபரப்பு எடுபடவில்லையா? சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

தூரத்து நிலையம் எடுபடவில்லை என்றதும் நம்மவர்கள் முதலில் செய்யும் வேலை, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் இன்னும் நீளமான அன்டெனா வாங்குவது. கொழும்பில் அது பெரும்பாலும் வீண் செலவு. இங்கிருந்து தூத்துக்குடி நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர், திருச்சி சுமார் 450, சென்னை 700க்குக் கொஞ்சம் குறைவு. வழியில் பாதிக்கு மேல் கடல் அல்லது தட்டை நிலம். இரவு மத்திய அலைக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. நமக்கு இடைஞ்சல் தூரம் அல்ல. வீட்டுக்குள்ளும் தெருவிலும் பிறக்கும் மின் இரைச்சல். அன்டெனாவை நீட்டினால் நிலையத்தோடு சேர்த்து அந்த இரைச்சலும் கூடுதலாக வந்து சேரும்.

அதனால் காசைச் செலவழிக்க முன் காதைக் கொடுங்கள். என்ன கேட்கிறது என்பதை வைத்தே பாதிக் கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடலாம். கீழே உள்ளதை வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. உங்களுக்குக் கேட்கும் சத்தம் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

எங்கே திருப்பினாலும் ஒரே இரைச்சல்

இதுதான் கொழும்பின் முதல் வியாதி. முதலில் சார்ஜர் வயரைக் கழற்றி, ரேடியோவை பற்றரியில் ஓட விடுங்கள். யு.எஸ்.பி. சார்ஜர் குத்தியபடியே சிற்றலை கேட்க முயல்கிறவர்கள் ஏராளம். கழற்றியதும் இரைச்சல் போய்விட்டால் விஷயம் முடிந்தது.

போகவில்லையா? வீட்டில் யாரும் கணினியில் வேலை செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். இரைச்சல் பொத்தென்று விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். பிறகு பெட்டியில் உள்ள டிரிப் சுவிச்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எதைப் போட்டதும் சத்தம் திரும்புகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஆளைப் பிடித்துவிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: கரண்ட் இல்லாத நேரத்திலும் யு.பி.எஸ். உயிரோடுதான் இருக்கும். ரவுட்டருக்கு யு.பி.எஸ். வைத்திருந்தால் அதையும் தனியாக நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் சோதனை பிழையாகிவிடும்.

மெயினை நிறுத்தியும் குறையவில்லை என்றால் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. அப்போது அதன் ரகத்தைக் கேளுங்கள்.

தடித்த, சீரான ‘ர்ர்ர்’ என்றால் அது மின்சாரத்தோடு பிறந்தது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரண்டு மடங்கான 100 ஹெர்ட்ஸில் இந்த உறுமல் கேட்கும். மலிவான எல்.ஈ.டி. பல்ப், சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் ஃபேன் ரெகுலேட்டர் ஆகிய இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள். டயலை மெல்லத் திருப்பும்போது இரைச்சல் ஓரிடத்தில் எழும்பி, அடங்கி, இன்னும் சில பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி மறுபடி எழும்புகிறதா? ஒழுங்கான இடைவெளியில் வரும் அந்த மேடுகள் சுவிச்சிங் முறையில் இயங்கும் சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், சூரிய மின்கல இன்வேர்ட்டர் போன்றவற்றின் கைவேலை. அவை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி அலைவதும் உண்டு. கிட்ட வந்து, கூடிக் குறைந்து போகும் ‘டக்டக்டக்’ முச்சக்கர வண்டியின் ஸ்பார்க் பிளக். அதற்கு மருந்து பொறுமை மட்டுமே.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு ரகம் இருக்கிறது: கரகரவென்று பொரியும் சத்தம். இதில் வானிலையைக் கவனித்தால் காரணம் விளங்கும். வெயில் காய்ந்து காற்றடிக்கும் நாளில் கூடி, மழை பெய்ததும் அடங்கினால் மின்கம்பத்தில் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்து பொறி பறக்கிறது. ஈரக்காற்று வீசும் இரவுகளில் கூடி, ஒரு நல்ல மழைக்குப் பிறகு சில நாட்கள் காணாமல் போனால் அது கம்பத்துப் பீங்கான்களில் படிந்த கடல் உப்பு. ஈரம் பட்ட உப்பு மின்சாரத்தைக் கசிய விடும். பெருமழை அதைக் கழுவிவிடும். இரண்டிலும் நாம் செய்யக்கூடியது கம்பத்தின் இலக்கத்தைக் குறித்து உங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்குபவர்களுக்குச் சொல்வதுதான். கம்பத்தைத் தட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

எந்தக் கம்பம், எந்த வீடு என்று பிடிக்க ஒரு சின்ன ரேடியோ போதும். மத்திய அலை கேட்கும் எந்தக் கைரேடியோவுக்குள்ளும் ஒரு ஃபெரைட் தண்டு, அதாவது உள் அன்டெனா, பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். நிலையம் எதுவும் இல்லாத ஓரிடத்துக்குத் திருப்பி, ரேடியோவைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் தண்டின் முனை காட்டும் திசையில்தான் இரைச்சல் பிறக்கிறது. முனைகள் இரண்டு என்பதால் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் வரும். இருபது அடி தள்ளிப்போய் இன்னொரு தடவை பார்த்தால் இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் தெரியும். தொடர்மாடியில் வேலை இன்னும் சுலபம். படிக்கட்டில் ஏறி இறங்கினாலே எந்த மாடியில் கூடுகிறது என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகு தேவை தொழில்நுட்பம் அல்ல, நல்ல வார்த்தை. மேல்மாடியில் சாமிப்படத்தைச் சுற்றி எல்.ஈ.டி. சரம் ஓடிக்கொண்டிருக்கும்.

“அன்ரி, உங்கட சாமி அறை லைட்டை ஒருக்கா நிப்பாட்டிப் பார்க்கலாமோ?”

“ஏன் தம்பி, கரண்ட் ஏதும் அடிக்குதோ?”

“இல்லை அன்ரி, என்ர ரேடியோவுக்குள்ள வந்து இரையுது.”

இப்படிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் சரத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். வேறு அடாப்டர் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து மாற்றிவிடுங்கள். புது அன்டெனாவை விட மலிவு.

மாற்ற முடியாத சாதனம் என்றால் ஃபெரைட் வளையம். பழைய மொனிட்டர் வயரில் பிளக்குக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒன்று இருக்குமே, அதே சாமான்தான். வயரை ஒருமுறை உள்ளே விட்டால் சிற்றலையில் பெரிதாகப் பலன் இல்லை. கொஞ்சம் பெரிய வளையமாக எடுத்து எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள், சாதனத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. சுற்றின் எண்ணிக்கை இரட்டித்தால் தடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், நான்கு வளையங்கள் வாங்கி வரிசையாகக் கோர்ப்பதை விட ஒரே வளையத்தில் கூடுதல் சுற்றுச் சுற்றுவதுதான் கெட்டித்தனம்.

மின்வெட்டு மற்றவர்களுக்குத் தொல்லை, நமக்கு ஆய்வுகூடம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தில் நகரின் சிற்றலை எப்படி அமைதியாகிப் போனது என்பது அப்போது பற்றரி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருளடைந்ததே, அந்த ஞாயிறு பகலும் அப்படித்தான். அடுத்த முறை கரண்ட் போனால் மெழுகுதிரி தேடுவதற்கு முன் ரேடியோவைப் போடுங்கள். ஜெனரேட்டர்கள் தொடங்குவதற்குள் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் உங்கள் இடத்தில் உண்மையில் என்னவெல்லாம் எடுபடும் என்று தெரிந்துவிடும்.

வெளி அன்டெனா போட்டதும் இரைச்சலும் கூடிவிட்டது

வயர் வீட்டுச் சுவரோடு ஒட்டி ஓடுகிறது என்று அர்த்தம். பல்கனிக் கம்பியில் சுற்றிய வயர், வீட்டு மின்வயரின் இன்னொரு கிளையாகவே நடந்துகொள்ளும். மொட்டை மாடியில் இடம் கிடைத்தால் ஐந்து பத்து மீட்டர் செப்பு வயரைச் சுவரிலிருந்து தள்ளி இழுத்து, கீழே கோஆக்சியல் கேபிளில் இறக்குங்கள். அந்தக் கேபிளையும் ரேடியோவுக்குள் நுழைய முன் ஃபெரைட்டில் சில சுற்றுச் சுற்றுங்கள். கேபிளின் வெளித்தோலில் ஏறி வரும் இரைச்சல் அங்கேயே நின்றுவிடும்.

பல்கனி மட்டும்தான் என்றால் வயரை மறந்துவிட்டு ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வளைய அன்டெனாவுக்குப் போங்கள். அதைத் திருப்பலாம் என்பதுதான் அதன் பெருமை. நிலையத்தைப் பெரிதாக்கப் பார்க்காதீர்கள், இரைச்சலைச் சிறிதாக்கும் கோணத்தைத் தேடுங்கள். சமிக்ஞையின் பலம் காட்டும் எஸ் மீட்டர் இறங்கும், பேச்சு விளங்கும். மீட்டரைப் பார்த்து அன்டெனா வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பெருக்கி பொருத்திய வளையங்களோடு வரும் மின்னேற்றியே இரைச்சல் போடுவதும் வழக்கம்; வளையத்தை ஒரு பவர் பாங்கில் ஓட்டிப் பாருங்கள், ஆனால் சில பவர் பாங்குகளும் இரைச்சல் போடும்.

சுவர்ப் பிளக்கின் எர்த்தை ரேடியோவுக்கு எர்த்தாகக் கொடுக்காதீர்கள். கட்டடத்தின் அழுக்கெல்லாம் அந்த வயரில்தான் ஓடுகிறது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும் காலம். ரேடியோவில் ‘படார் படார்’ என்று வெடிப்பது தூரத்து மின்னல். அதற்கு வடிகட்டி கிடையாது. வெடிப்புகள் நெருங்கத் தொடங்கினால் வெளி அன்டெனாவைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். பிறகு கழற்றலாம் என்று இருந்து இடி கிட்ட வந்துவிட்டால் அதைத் தொடாதீர்கள்; ரேடியோ போனால்கூடப் பரவாயில்லை, ஆள் போகக்கூடாது.

இரைச்சலும் இல்லை, நிலையமும் இல்லை

அன்டெனாவை ஜாக்கில் செருகும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் எழும்பி, பின்புல இரைச்சல் கொஞ்சமாவது கூடுகிறதா? கூடினால் ரேடியோ சரி. நீங்கள் பிழையான நேரத்தில் பிழையான அலைவரிசையில் நிற்கிறீர்கள்.

பகலில் 13 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை, இருட்டியபின் 5 முதல் 12 வரை என்று ஒரு பொதுக் கணக்கை மனதில் வையுங்கள். மத்திய அலையில் பகல் வேளையில் வான்வழி வரும் அலையை அயனமண்டலத்தின் கீழ்ப்படை விழுங்கிவிடும். கொழும்பில் மாலை ஆறரை தாண்ட அந்தப் படை கலைந்து, தமிழ்நாட்டு, கேரள நிலையங்கள் ஒவ்வொன்றாக ஏறி வரும். நடுப்பகலில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று ரேடியோவை விற்கக் கூடாது.

ஒரு பரிசோதனை இருக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்புங்கள். சீனாவின் ஷியானுக்கு அருகிலிருந்து வரும் பி.பி.எம். என்ற நேரச் சமிக்ஞை நொடிக்கு ஒரு ‘டிக்’ அடித்துக்கொண்டிருக்கும். 5 மெகாஹெர்ட்ஸிலும் உண்டு. இருட்டியபிறகு இரண்டில் ஒன்றாவது மெல்லிதாகக் கேட்டால் உங்கள் செட்டும் அன்டெனாவும் வேலை செய்கின்றன, தேடும் நிலையத்தில்தான் ஏதோ இருக்கிறது.

நிலையமே இல்லாமல் இருக்கலாம். பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு சிற்றலையில் நின்றது. ரேடியோ ஆஸ்திரேலியா அதே ஆண்டு ஜனவரி 31இல் சிற்றலையை மூடியது. சிலாபத்துக்குப் பக்கத்தில் இரணவில என்ற இடத்தில் அமெரிக்காவின் குரல் வானொலி வைத்திருந்த மறு ஒலிபரப்பு நிலையமும் 2016இல் மூடப்பட்டது. பழைய புத்தகத்தில் உள்ள அட்டவணையை வைத்துத் தேடினால் இப்படிப்பட்ட ஆவிகளைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். சர்வதேசச் சிற்றலை அட்டவணை ஆண்டுக்கு இரண்டு தடவை, மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். நேற்றுவரை கேட்ட நிலையம் அந்தத் திங்கட்கிழமை காணாமல் போனால் அதுதான் காரணம்.

நேரமும் பலருக்குப் பிழையாகிறது. அட்டவணைகள் எல்லாம் உலக நேரத்தில் (யு.டி.சி.) இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணிநேரத்தைக் கழிக்க வேண்டும். திங்கள் அதிகாலை மூன்று மணி என்றால் உலக நேரத்தில் ஞாயிறு இரவு ஒன்பதரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் நிகழ்ச்சியைத் தவறவிடுவது இங்கேதான். அப்பா, மாமா எழுதி வைத்த பழைய குறிப்பேட்டோடு ஒப்பிடுகிறீர்களா? அப்படியானால் இன்னும் கவனம். இலங்கை நேரம் 1996 மே மாதம் ஆறரை மணி, ஒக்டோபரில் ஆறு மணி என்று மாறி, 2006 ஏப்ரல் 15இல்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டுக் குறிப்புகளை இன்றைய கணக்கில் மாற்றினால் அரை மணியாவது இடிக்கும்.

பட்டப்பகலில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த சிற்றலை முழுவதும் ஒரே நேரத்தில் செத்துப்போய், அரை மணி, ஒரு மணியில் மெல்ல உயிர் வருகிறதா? சூரியனில் தீக்கொழுந்து வெடித்திருக்கிறது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நம்மைப் போன்ற இடங்களில் இது பலமாகவே தெரியும். முதலில் கீழ் அலைவரிசைகள் மறையும், மேலே உள்ளவை முதலில் திரும்பும். ரேடியோவைத் திறக்காதீர்கள், ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

720 தெளிவு, 936 மட்டும் கரகரப்பு

ஆகாசவாணி சென்னை 720 கிலோஹெர்ட்ஸில் வடிவாக வருகிறது, திருச்சி 936இல் வரவேண்டியது மூக்கால் பேசுகிறது, திருநெல்வேலி 1197உம் அப்படித்தான். இப்படி இருந்தால் பழுது ஒன்றுமே இல்லை. செட் பத்துப் பத்தாகத் தாவுகிறது. அமெரிக்கக் கண்டத்தில் மத்திய அலை இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ்; நமக்கும் இந்தியாவுக்கும் 9. பத்தில் தாவும் செட்டில் 930இலும் 940இலும் நிற்கலாம், 936இல் நிற்க முடியாது. 720 ஒன்பதாலும் பத்தாலும் வகுபடுவதால் தப்பிவிட்டது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த செட்டுகளில் இது அடிக்கடி வரும். டெக்சன் போன்ற இலக்கமுறை ரேடியோக்களில் 9, 10 என்று மாற்ற ஒரு பொத்தானோ பட்டியலில் ஒரு தெரிவோ இருக்கும். மாற்றிவிட்டு மறுபடி தேட விடுங்கள்.

தாவும் இடைவெளி சரியாக இருந்தும் ஒரே இடத்தில் இரண்டு குரல் கேட்டால் ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதுகின்றன. மேலே சொன்ன தண்டு வித்தையே இங்கும் உதவும். திருச்சி நமக்கு ஏறக்குறைய வடக்கு, திருவனந்தபுரம் வடமேற்கு. தண்டின் முனையை ஒன்றின் பக்கம் நீட்டினால் அது அமுங்கி மற்றது மேலே வரும். மெல்லிய விசில் கேட்டால் பட்டை அகலத்தைக் குறையுங்கள், அல்லது ஒற்றைப் பக்கப் பட்டை (எஸ்.எஸ்.பி.) முறைக்கு மாற்றி விசில் இல்லாத பக்கத்தைக் கேளுங்கள்.

குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் குழைந்து குழைந்து போனால் அது வான்வழி அலையின் குணம். ஒத்திசைவு (சிங்க்) பொத்தான் உள்ள செட் என்றால் அதை அமுக்குங்கள். இல்லாவிட்டால் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பேச்சு இல்லை, ஒரே ‘ஷ்ஷ்’

டயலில் ஓரிடத்தில் மட்டும், ஒன்பது பத்து கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு, இரண்டு ஓரமும் நறுக்கென்று முடியும் சீரான சீறல் கேட்டால் அது பழுதல்ல, டி.ஆர்.எம். எனும் இலக்கமுறை ஒலிபரப்பு. ஆகாசவாணி தன் மத்திய அலை ஒலிபரப்பிகளில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் இதைப் பொருத்தியிருக்கிறது. சாதாரண ரேடியோவில் இது சீறலாக மட்டுமே கேட்கும். கணினியில் குத்தி ரேடியோவாக்கும் எஸ்.டி.ஆர். டொங்கிளும் கணினியில் அதற்குரிய மென்பொருளும் இருந்தால் பிரித்தெடுக்கலாம். ஆனால் கொழும்பு இரைச்சலில் ‘கேட்கும், கேட்காது’ என்று இரண்டே நிலைதான்; நடுவில் ஒன்றும் கிடையாது.

உள்ளூர் எப்.எம். பாட்டு சிற்றலையில் கேட்கிறது, ஒரே நிலையம் பத்து இடத்தில் நிற்கிறது

செட் திணறுகிறது. நகருக்குள் பலமான ஒலிபரப்பிகள் கிட்டவே இருப்பதால் நீள அன்டெனாவை மாட்டியதும் சமிக்ஞை முதலில் நுழையும் முகப்புச் சுற்றுக்குத் தாங்க முடிவதில்லை. ‘லோக்கல் - டி.எக்ஸ்.’ (உள்ளூர் - தூரம்) சுவிச் இருந்தால் லோக்கலுக்குத் தள்ளுங்கள், அல்லது அன்டெனாவைப் பாதியாக்குங்கள். சத்தம் கொஞ்சம் குறைந்து போலி நிலையங்கள் மொத்தமாக மறைந்தால் காரணம் உறுதி. ஆர்.டி.எல். எனும் மலிவான எஸ்.டி.ஆர். டொங்கிள் வைத்திருப்பவர்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டியை முதலில் வாங்குங்கள். இரைச்சல் குறைந்த பெருக்கி அப்புறம். மாறி வாங்குகிறவர்கள் திணறலைப் பெருக்கிக்கொள்கிறார்கள்.

மத்திய அலையில் புத்தளத்திலிருந்து 882இல் 400 கிலோவாட்டில் ஓடும் ஒலிபரப்பி அருகில் உள்ள அலைவரிசைகளை அமுக்கலாம். அது நமக்கு நேர் வடக்கு. தண்டின் முனையை வடக்கே நீட்டுங்கள். ஆனால் திருச்சியும் கிட்டத்தட்ட அதே திசை என்பதால் 936க்கு இந்த வித்தை அவ்வளவாகக் கைகொடுக்காது. புத்தளம் ஓய்ந்திருக்கும் நேரத்தைப் பிடிப்பதுதான் வழி.

இன்னொரு போலி இருக்கிறது: எப்.எம். டயலில் விமானி கதைப்பது. பழைய ரகச் செட்டுகள் எந்த நிலையத்தையும் உள்ளே ஒரே இடைநிலை அலைவரிசைக்கு மாற்றும்; எப்.எம்.மில் அது 10.7 மெகாஹெர்ட்ஸ். அதன் இரண்டு மடங்கு 21.4. டயல் 97.3இல் நிற்கும்போது 118.7இல் உள்ள விமானப் பேச்சும் உள்ளே நுழையலாம். இரத்மலானை விமான நிலையப் பக்கம் இருப்பவர்கள் இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இதேபோல் சிற்றலையில் ஒரு பலமான நிலையம் அதன் உண்மையான இடத்திலிருந்து 910 கிலோஹெர்ட்ஸ் கீழே இன்னொரு தடவை கேட்டால் அது 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலையின் நிழல்.

நேற்றிரவு தமிழ்நாட்டு எப்.எம். வந்தது, இன்று இல்லை

இது கோளாறு அல்ல, வந்ததுதான் அதிசயம். எப்.எம். அலை சாதாரணமாக அடிவானத்தைக் கொஞ்சம் தாண்டியதும் போய்விடும். கடலுக்கு மேலே சூடான உலர்காற்று, குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் மூடியாகப் படியும்போது அலை அந்த இடுக்குக்குள் சிக்கி மன்னார் வளைகுடாவைக் கடந்துவிடும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவிலும் விடியற்காலையிலும் பாருங்கள். சோளகக் காற்று பலமாக வீசும்போது படைகள் கலைந்துவிடும், மினக்கெட வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. கொழும்பில் அப்படியில்லை, டயல் நிறைய உள்ளூர் நிலையங்கள். எப்.எம்.மில் பலமான அலை பலவீனமானதை முழுதாக விழுங்கிவிடும், மத்திய அலை போல் இரண்டும் கலந்து கேட்காது. எனவே முதலில் ஒரு சாதாரண நாளில் உங்கள் வீட்டில் எந்தெந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பண்பலையின் 100.5, திருவனந்தபுரம் அனந்தபுரியின் 101.9 ஆகிய இடங்கள் உங்கள் பகுதியில் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கொடைக்கானல் மலை உயரத்தில் இருப்பதால் எப்போதும் அதுதான் முதலில் வரும் என்று நம்பாதீர்கள். கடல்மேல் உருவாகும் இடுக்கு தாழ்வானது. கரையோரத்து நிலையங்கள் அதற்குள் சுலபமாக நுழையும், மலைமேல் உள்ளது மேலேயே தங்கிவிடலாம்.

அடையாளம் காண்பதில் ஒரு பொறி. ‘சூரியன் எப்.எம்.’ என்று கேட்டதும் துள்ளாதீர்கள், அடச்சீ என்று திருப்பவும் செய்யாதீர்கள். அதே பெயரில் கொழும்பிலும் நிலையம் உண்டு, தமிழ்நாட்டில் 93.5இலும் உண்டு. விளம்பரம் வரும்வரை பொறுங்கள். கடையின் ஊர், தொலைபேசி எண்ணின் தொடக்கம், பஸ் ஸ்டாண்ட் என்கிறார்களா பஸ் நிலையம் என்கிறார்களா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

இன்னும் தூரம் போக ஆசைப்பட்டுப் புவிகாந்த நடுக்கோட்டைத் தாண்டும் வழியை நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு சொல். அந்தப் பாதை கோட்டுக்கு வடக்கே தள்ளி இருப்பவரையும் தெற்கே தள்ளி இருப்பவரையும் இணைக்கும். நாம் அந்தக் கோட்டுக்குக் கிட்டவே குடியிருக்கிறோம். கேரளத்துத் தும்பாவை ராக்கெட் ஏவ இந்தியா தேர்ந்தெடுத்ததே அந்தக் கோடு அதன்மேல் போனதால்தான். பெரும்பாலான நாள் அந்த அலைகள் நம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும்.

தொலைக்காட்சி: கோடுகள், உறைந்த படம்

1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய ரூபவாஹினியை, 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலை மலையின் தயவில், தென் தமிழ்நாட்டில் உயரமான கம்பம் நட்டுப் பார்த்தார்கள். நம் வடக்கில் தூர்தர்ஷன் பார்த்தார்கள். இன்று அந்தப் பக்கம் கிட்டத்தட்ட வெறிச்சோடிவிட்டது. தூர்தர்ஷன் 2022 வாக்கில் தன் பழைய தரைவழி ஒலிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. ஆகவே இந்தியப் படம் வரவில்லை என்று பூஸ்டர் மேல் பூஸ்டர் வைக்காதீர்கள்.

உள்ளூர் சேனலில் திடீரென்று மெல்லிய கிடைக்கோடுகள் யன்னல் தட்டிபோல் ஓடினால் அதே சேனலில் தூரத்து ஒலிபரப்பி ஒன்று ஏறி வருகிறது என்று அர்த்தம். அன்றிரவு எப்.எம்.மையும் ஒரு சுற்றுப் பாருங்கள், ஏதாவது அகப்படும். எல்லாச் சேனலிலும் கோடு விழுந்தால் தூரம் காரணமல்ல, பூஸ்டர் திணறுகிறது, கழற்றிவிட்டுப் பாருங்கள். இலக்கமுறைப் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தால் சமிக்ஞை விளிம்பில் நிற்கிறது. அன்டெனாவை அரை மீட்டர் நகர்த்துவது பூஸ்டரை விடப் பலன் தரும்.

தூரத்துப் படம் வேண்டும் என்றால் இப்போது டிஷ்தான். 1975இல் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் இஸ்ரோ டிஷ் நட்டு, ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் ஒளிபரப்பை எடுத்துக் காட்டிய ஊர் இது. மழை கொட்டும்போது மட்டும் கேயு பட்டைப் (சிறு டிஷ்கள் பிடிக்கும் அலைப்பட்டை) படம் போனால் டிஷ் சிறிது, அல்லது கொஞ்சம் விலகியிருக்கிறது. வெயில் எரிக்கும் பகலில், ஒரே நேரத்தில், சில நாள் தொடர்ந்து சில நிமிடங்கள் மட்டும் போனால் சூரியன் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கிறது. கொழும்புக்கு அது மார்ச் 17ஐயும் செப்டம்பர் 26ஐயும் ஒட்டிய நாட்களில் வரும். டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம், அடுத்த வாரம் தானாகச் சரியாகும்.

அறிக்கை அனுப்பியும் கியூ.எஸ்.எல். அட்டை வரவில்லை

கேட்டதை எழுதி அனுப்பினால் நிலையம் உறுதிசெய்து அனுப்பும் அட்டைதான் கியூ.எஸ்.எல். அது வராவிட்டால் பெரும்பாலும் அறிக்கையில் சத்து இருக்காது. ‘உங்கள் நிகழ்ச்சி நன்று, பாட்டு இனிமை’ என்று எழுதினால் யாருக்கும் பதில் போட மனம் வராது. இருபது முப்பது நிமிடம் கேட்டு, நிமிடத்துக்கு நிமிடம் என்ன வந்தது என்று உலக நேரத்தோடு எழுதுங்கள். அலைவரிசை, செட், அன்டெனா, கொழும்பில் எந்தப் பகுதி என்பதும் வேண்டும். கேட்ட தரத்துக்கு ஐந்து இலக்கங்களில் புள்ளி போடும் சின்போ மதிப்பீட்டில் எல்லாவற்றுக்கும் ஐந்து போடாதீர்கள். மூன்றாவது இலக்கம் இரைச்சலுக்கு உரியது. கொழும்பிலிருந்து அதில் ஐந்து போட்டு வரும் அறிக்கையை அனுபவமுள்ள பொறியியலாளர் நம்பமாட்டார். இரண்டு நிமிட ஒலிப்பதிவையும் மின்னஞ்சலில் இணைத்துவிடுங்கள், நிலையத்தின் பெயர் சொல்லும் இடம் அதற்குள் வரும்படியாக.